வலப்பக்கத் தாள்

அக்காவின் கையெழுத்தை இப்போதும் கண்ணை மூடிக்கொண்டு என்னால் போட முடியும். என்னுடைய கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று வங்கியில் இரண்டு தடவை திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அவளுடையதில் மட்டும் எனக்குப் பிசகு வந்ததே இல்லை. சாய்ந்த ஒரு கோடு, அதன்மேல் ஏறி இறங்கும் இரண்டு வளைவு, நீளமாக ஒரு இழுப்பு, அடியில் ஒரு புள்ளி. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் தங்கியிருந்த ஹாஸ்டல் அறையில், என் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவளே பத்துத் தடவை போட்டுக் காட்டினாள். பத்தும் பத்து விதமாக இருந்தன. அதில் எது பார்க்க லட்சணமாக இருந்ததோ அதை நான் எடுத்துக்கொண்டேன். அதன் பிறகு ஒரு வருடத்துக்கு மேல், செவ்வாயும் வியாழனும், வகுப்பின் வருகைப் பட்டியலில் அவள் பெயருக்கு நேராக அதைத்தான் போட்டு வந்தேன். அக்கா என்றால் உடன்பிறந்தவள் அல்ல. யாழ்ப்பாணத்திலிருந்து படிக்க வந்தவள், என் அறையில் எதிர்க்கட்டில், என்னைவிட மூன்று வயது மூத்தவள். அதனால் அக்கா.

நான் விருதுநகர்ப் பக்கத்துக்காரி. கோலாலம்பூரில் படித்தால் வெளிநாட்டுப் பட்டம் என்று ஏஜெண்டு சொன்னதை அப்பா நம்பினார், அப்பா நம்பியதை நான் நம்பினேன். ஏஜெண்டு கொடுத்த வண்ணப் புத்தகத்தில் ஹாஸ்டலுக்கு நீச்சல் குளம் போட்டிருந்தது. பொய் சொல்லக்கூடாது, குளம் இருந்தது. தண்ணீரும் இருந்தது. மாணவர்கள் இறங்கக்கூடாது என்ற அறிவிப்புப் பலகையும் இருந்தது. ஹாஸ்டல் என்பது கல்லூரி வாடகைக்கு எடுத்திருந்த ஓர் அடுக்குமாடி வீடு. மூன்று அறை, எட்டுப் பெண்கள், இரண்டு குளியலறை. காலையில் பக்கெட்டை வரிசையில் வைத்துவிட்டு நின்றுகொண்டே பல் தேய்ப்போம். குளிர்பதனப் பெட்டியில் ஆளுக்கு அரைத் தட்டு. பெயர் எழுதி ஒட்டாத பாத்திரம் எதுவானாலும் ஞாயிற்றுக்கிழமை குப்பைக்குப் போகும். இந்தோனேசியப் பெண்களின் சம்பல் வாசமும் எங்கள் தாளிப்பு வாசமும் வராந்தாவில் சண்டை போட்டுக்கொண்டிருக்கும். ஜன்னலைத் திறந்தால் ரயில் சத்தம், மூடினால் புழுக்கம். சாயந்திரமானால் வானம் இடித்துக்கொண்டு மழை கொட்டும், உலர்த்திய துணியெல்லாம் மறுபடி நனையும்.

கீழ்மாடியில் வார்டன் ஆன்டி குடியிருந்தார். அந்த ஊர்த் தமிழர், பேச்சுக்கு ஒரு 'லா' சேர்ப்பவர். கெட்டவர் இல்லை, ஆனால் மூக்கு மிகவும் கூர்மை. "என்னா மா இது, எத்தன வாட்டி சொல்றது, ரூம்ல ரைஸ் குக்கர் வெக்கக் கூடாதுலா" என்று வாரத்துக்கு ஒருமுறை வந்து நிற்பார். நாங்கள் அதைக் கட்டிலுக்கு அடியில் பெட்டிக்குள் வைத்து, மேலே துண்டு போட்டு மூடியிருப்போம்; சோறு வெந்த வாசத்தை எந்தத் துண்டு மூடும்? கடைத்தெருவில் பூ வாங்கப் போனால், வாயைத் திறந்ததும் ஊரிலிருந்து வந்தீர்களா என்பார்கள். அந்தக் கேள்வியில் பாசமும் இருக்கும், எங்கே வேலை செய்கிறாய் என்ற சந்தேகமும் இருக்கும். பாஸ், அதாவது மாணவர் விசா, புதுப்பிக்கும் காலத்தில் பாஸ்போர்ட்டைக் கல்லூரி அலுவலகம் வாங்கி வைத்துக்கொள்ளும். அது திரும்பி வரும் வரை கையில் ஒரு கடிதம்தான். தெருவில் யாராவது நிறுத்தினால் அதை நீட்ட வேண்டும். மடித்து மடித்துக் கிழிந்த அந்தக் காகிதத்தைப் பையில் தடவிப் பார்க்காமல் நான் வெளியே இறங்கியதில்லை. வீட்டிலிருந்து போன் வந்தால் சாப்பிட்டேன், தூங்கினேன், எல்லாம் நன்றாக இருக்கிறது. எட்டுப் பேரும் அவரவர் மொழியில் இதே பொய்யைத்தான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அக்காவின் கதை வேறு. அவளுக்கு இந்த ஊரில் சொந்தம் இருந்தது, அதுதான் அவளைப் பிடித்த சனியன். கிளாங்கில் மாமி ஒருவர் இருந்தார், அவள் அப்பாவுக்கு ஒன்றுவிட்ட அக்கா. அங்கே வந்து மூன்று தலைமுறை ஆன குடும்பம். அரசாங்க உத்தியோகம் பார்த்தவர்கள், பெரிய வீடு, வாசலில் இரண்டு கார். பிள்ளையை அனுப்புங்கள், படிப்பை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று யாழ்ப்பாணத்துக்கு எழுதினார்கள். மாமிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்பதையும், வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸுக்குத் தூக்கி உட்கார வைத்து அழைத்துப்போக ஆள் வேண்டும் என்பதையும் அந்தக் கடிதத்தில் எழுதவில்லை. செவ்வாய், வியாழன், சனி. சனிக்கிழமை வகுப்பு இல்லை. மற்ற இரண்டு நாளில்தான் எங்கள் பிரதான பாடத்தின் வகுப்பு. விடியற்காலையில் எழுந்து ரயில் நிலையத்துக்கு ஓடி, கிளாங் போய், மாமியைக் குளிப்பாட்டி, உடுத்தி, மருத்துவமனையில் நாலு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து, வீட்டில் படுக்க வைத்துவிட்டு மாலையில் திரும்புவாள். கையில் டெட்டால் வாசம் இருக்கும். அவளைத் தங்கள் வீட்டிலேயே தங்கவைத்தால் அக்கம்பக்கம் வேலைக்காரி என்று நினைத்துவிடும் என்பதால்தான் ஹாஸ்டலில் சேர்த்தார்கள் என்று நான் ஒருநாள் கோபத்தில் சொன்னேன். "அப்பிடிச் சொல்லாதேயும், மாமி பாவம்" என்றாள். மாமி பாவம்தான். மாமிக்கு மகனாக வாய்த்தவர் பாவமே இல்லை; அவர் வீட்டில் இருந்துகொண்டே அக்காவுக்கு நேரம் சொல்லிப் போன் செய்வார்.

வருகை குறைந்தால் கல்லூரி பாஸைப் புதுப்பிக்கச் சிபாரிசு செய்யாது. பாஸ் இல்லையென்றால் ஊருக்குப் போக வேண்டியதுதான். உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வருகை என்பது ஒரு மதிப்பெண். எங்களுக்கு அது தரையில் நிற்கும் உரிமை. அதனால் வெளிநாட்டு மாணவர்களுக்குள் ஒருவருக்கொருவர் கையெழுத்துப் போடுவது எழுதப்படாத வழக்கமாக இருந்தது. காய்ச்சல் என்றால் போடுவோம், தூங்கிவிட்டால் போடுவோம். யாரும் அதைத் தப்பென்று நினைக்கவில்லை, உப்பு இரவல் கொடுப்பது போலத்தான். பெரிய வகுப்பு, நூறு பேருக்கு மேல். நேரம் மிச்சம் பிடிக்க ஒரே பட்டியலை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை இடப்பக்கமும் ஒன்றை வலப்பக்கமும் விடுவார்கள். எந்தத் தாள் கைக்கு வருகிறதோ அதில் போட்டால் போதும். நான் எப்போதும் இடப்பக்கம் முன் வரிசை. என் பெயருக்கு ஒன்று, அக்காவின் பெயருக்கு ஒன்று.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இரவல் கொடுப்பது ஒருநாள் இரண்டு நாள். வருடக்கணக்கில் கொடுத்தால் மனசு கசந்துபோகும். அவளுக்காக நான் செவ்வாய், வியாழன் எந்தக் காரணத்துக்காகவும் வகுப்பைத் தவறவிட முடியாது. எனக்குக் காய்ச்சல் வந்தாலும் போக வேண்டும். நான் வராத நாளில் அவளும் வராதவளாகிவிடுவாள். அவள் மாமிக்குக் கட்டுப்பட்டவள், நான் அவளுக்குக் கட்டுப்பட்டவளாகிப் போனேன். அவள் ஒவ்வொரு முறையும் நன்றி சொன்னாள், எனக்குப் பிடித்த ரம்புத்தான் பழத்தை கிளாங் சந்தையிலிருந்து வாங்கி வந்தாள், என் துணியையும் சேர்த்து மடித்து வைத்தாள். அந்த நன்றி கூட ஒரு கட்டத்தில் எனக்கு எரிச்சலாக வந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை. நல்லவள் என்று பெயர் வாங்குவதில் எனக்கு அப்போது ஆசை அதிகம்.

அந்த வாரம் மற்ற படிப்புகளுக்கு விடுமுறை. ஹாஸ்டல் பெண்கள் வேன் பிடித்து வியாழக்கிழமை போர்ட் டிக்சன் கடற்கரைக்குப் போவதாக ஏற்பாடு. வந்து ஒன்றரை வருடத்தில் ஹாஸ்டல், கல்லூரி, ரயில் நிலையம் தவிர நான் எதையும் பார்த்திருக்கவில்லை. எங்கள் பாடத்துக்கு மட்டும் அன்று வகுப்பு இருந்தது. புதன்கிழமை சாயந்திரம் அக்கா துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "நீர் போம். நாளைக்கு நான் வகுப்புக்குப் போறன். மாமியிட்டச் சொல்லிப்போட்டன்." இதற்கு முன்னும் இரண்டு தடவை இப்படிச் சொல்லியிருக்கிறாள், இரண்டு தடவையும் காலையில் கிளாங்கிலிருந்து போன் வந்து, செருப்பை மாட்டிக்கொண்டு ஓடியிருக்கிறாள். நான் நம்பவில்லை. நம்பாததை அவளிடம் சொல்லவும் இல்லை. காலையில் கண் விழித்தபோது அவள் கட்டில் காலியாக இருந்தது. பார்த்தாயா, போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். தலைவலி என்று வேனில் போகிற பெண்களிடம் சொல்லிவிட்டு, பொருமிக்கொண்டே வகுப்புக்குப் போனேன். இரண்டு கையெழுத்தையும் போட்டுத் தாளைப் பின்னால் அனுப்பினேன்.

பத்து நிமிடம் கழித்து வலப்பக்கப் பின்கதவு திறந்தது. அக்கா. தலையெல்லாம் நனைந்து, குடையை மடக்கிக்கொண்டு, மூச்சு வாங்க. விடிவதற்குள் கிளாங் போய் மாமியைக் குளிப்பாட்டித் தயார் செய்து கொடுத்துவிட்டு அடுத்த ரயிலில் திரும்பி வந்திருக்கிறாள் என்பது பிறகுதான் தெரிந்தது. நான் கடற்கரைக்குப் போகவேண்டும் என்பதற்காக. கடைசி வரிசையில் உட்கார்ந்தவள், என்னைக் கண்டதும் திகைத்தாள். அப்புறம் புருவத்தை உயர்த்தி, விரலால் காற்றில் எழுதிக் காட்டினாள். போட்டுவிட்டாயா என்று கேட்கிறாள். வலப்பக்கத் தாள் அவளிடமிருந்து இரண்டு நாற்காலி தள்ளி இருந்தது. நான் ஒரு தலையாட்டு ஆட்டியிருந்தால் போதும், அவள் அதைத் தொடாமல் விட்டிருப்பாள். எனக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே, அதை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. இவ்வளவு நாளாக வராதவள் நான் எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்த அன்றைக்குப் பார்த்து வந்து நிற்கிறாளே என்று. வேன் அந்நேரம் சிரம்பானைத் தாண்டியிருக்கும். நான் அவளைப் பார்த்தேன், பார்க்காதவள் போல முகத்தைத் திருப்பிப் பலகையைப் பார்த்தேன். அவள் குனிந்து கையெழுத்துப் போட்டாள்.

சாயந்திரம் அறையில் அவள் ஏன் போகவில்லை என்று கேட்டாள், தலைவலி என்றேன். தைலம் தேய்த்துவிட்டாள். தாள்கள் வெள்ளிக்கிழமைதான் அலுவலகத்துக்குப் போகும். இரவெல்லாம், மறுநாள் காலையெல்லாம் எனக்கு நேரம் இருந்தது. சொல்லியிருந்தால் ஆசிரியரிடம் போய் ஏதாவது சாக்குச் சொல்லி ஒரு கையெழுத்தை அடித்திருப்போம். நான் சொல்லவில்லை. ஒரு சின்னத் திட்டு வாங்கட்டுமே என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன், சத்தியமாக. அவளும் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை அலுவலகத்தில் கூப்பிட்டார்கள். இரண்டு தாளையும் சேர்த்துக் கணினியில் ஏற்றும்போது ஒரே பெயருக்கு இரண்டு கையெழுத்து வந்திருக்கிறது. அந்தப் பாடத்தின் பழைய தாள்களையெல்லாம் எடுத்துப் பரப்பியிருக்கிறார்கள். அத்தனையிலும் அவள் பெயருக்கு நான் போட்ட கையெழுத்து, அச்சுப் போல, இடப்பக்கத் தாளோடு ஒத்துப்போயிற்று. அவள் உண்மையிலேயே வந்து, உண்மையிலேயே போட்ட வலப்பக்கக் கையெழுத்துதான் போலியாகத் தெரிந்தது. வெள்ளைத்தாளில் போட்டுக் காட்டச் சொன்னார்களாம். அது மூன்றாவது விதமாக வந்தது. யார் போட்டது என்று எத்தனை தடவை கேட்டும் அக்கா வாய் திறக்கவில்லை. அப்புறம் அறைத்தோழி என்று என்னைக் கூப்பிட்டார்கள். அவள் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நீ போட்டாயா என்று அந்த அலுவலர் மேடம் கேட்டார். இல்லை என்றேன். யார் என்று தெரியுமா என்றார். தெரியாது என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒத்துழைக்கிற நல்ல பிள்ளை என்று காட்ட வேண்டுமே. செவ்வாய், வியாழனில் அக்கா கிளாங்குக்குச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போவார் என்றேன். கேட்காத கேள்விக்கு நானாகச் சொன்ன பதில் அது. மேடம் பேனாவை எடுத்து அதை எழுதிக்கொண்டார்.

நான் ஒப்புக்கொண்டிருந்தால் அவள் பாஸும் தப்பியிருக்காது, என்னுடையதும் போயிருக்கும் என்று பல வருடம் எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். முதல் இரண்டு பதிலுக்கு அந்தச் சமாதானம் பொருந்தும். மூன்றாவதுக்கு ஒன்றும் பொருந்தவில்லை. செவ்வாய், வியாழன் அத்தனையையும் வராத நாளாக மாற்றினார்கள். கல்லூரி சிபாரிசு செய்யவில்லை. கிளாங் குடும்பம் சட்ட விஷயத்தில் தலையிட முடியாது என்றது. அவர்கள் மாமிக்கு ஒரு வேலைக்காரப் பெண்ணை அமர்த்திக்கொண்டார்கள். மாமியை எப்படித் தூக்குவது, எந்தப் பக்கம் சாய்த்து உட்கார வைப்பது என்று அந்தப் பெண்ணுக்குக் காட்டிக் கொடுக்க, விமானத்துக்கு முந்தின நாள் அக்காவை வரச் சொன்னார்கள். போனாள். போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருந்தது? புறப்படும்போது வார்டன் ஆன்டி அவளைக் கட்டிக்கொண்டு அழுதார். நான் பெட்டியைத் தூக்கிக் காரில் வைத்தேன். பட்டத்துக்கு அவளுக்கு இன்னும் இரண்டு பருவம்தான் பாக்கி இருந்தது.

நான் பட்டம் வாங்கினேன். வேலை கிடைத்தது, டெங்கில் என்ற ஊரைச் சேர்ந்த ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டேன், காஜாங்கில் வீடு. இன்றைக்கு வேறொரு கல்லூரியில், அந்த மேடம் உட்கார்ந்திருந்த மாதிரியான நாற்காலியில் நானே உட்கார்ந்திருக்கிறேன். இப்போது தாள் கிடையாது. வாசலில் முகத்தைக் காட்டினால் இயந்திரம் பதிந்துகொள்ளும். யாரும் யாருக்காகவும் போட முடியாது. அது நியாயம் என்று கூட்டத்தில் நானே எழுந்து பேசியிருக்கிறேன். வருகை குறைந்த பிள்ளைகள் எதிரே வந்து உட்காரும்போது காரணம் கேட்பேன். சொல்வார்கள். நான் எழுதிக்கொள்வேன்.

போன மாதம் கிளாங்கில் கணவரின் உறவுக் கல்யாணம். விருந்தில் எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் பேச்சுவாக்கில் அம்மாவின் டயாலிசிஸ், யாழ்ப்பாணம் என்று சொன்னபோதுதான் அவர் யாரென்று புரிந்தது. மாமியின் மகன். மாமி காலமாகிப் பல வருடம் ஆயிற்றாம். ஊரிலிருந்து சொந்தக்காரர்களைக் கொண்டுவந்தால் இதுதான் வினை என்று மேசையில் இருந்தவர்களுக்கு அவர் விளக்கிக்கொண்டிருந்தார். "ஒரு பொண்ண படிக்க வெச்சோம். கிளாஸுக்கே போகாம சுத்திக்கிட்டு இருந்தா லா. காலேஜே திருப்பி அனுப்பிட்டாங்க. எங்களுக்குத்தான் அவமானம்." மேசையில் எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். அவள் சுற்றவில்லை, உங்கள் அம்மாவைத்தான் சுமந்துகொண்டிருந்தாள் என்று சொன்னேன். அவளுக்காகக் கையெழுத்துப் போட்டது நான்தான் என்றும் சொன்னேன். என் கணவர் திரும்பிப் பார்த்தார். மாமியின் மகன், அதெல்லாம் பழைய கதை என்று சொல்லி பிரியாணித் தட்டை என் பக்கம் தள்ளினார். பத்து வருடமாக யாரிடமும் சொல்லாததை, கேட்டு ஒன்றும் ஆகப்போகாத ஒரு மனிதரிடம் கொட்டியிருக்கிறேன்.

அக்காவின் எண் என்னிடம் எப்போதும் இருந்தது. முதல் இரண்டு வருடம் பொங்கலுக்குக் கூப்பிடுவாள். நான் எடுக்கமாட்டேன், அப்புறம் வேலையில் இருந்தேன் என்று செய்தி அனுப்புவேன். பிறகு அவளும் விட்டுவிட்டாள். கல்யாணத்துக்கு மறுநாள் அலுவலகத்தில் கதவைச் சாத்திக்கொண்டு கூப்பிட்டேன். இங்கே மூன்றரை, அங்கே ஒரு மணி. என் குரலைக் கேட்டதும் அடையாளம் கண்டுகொண்டாள். என் வீடு, பிள்ளை, வேலை எல்லாம் விசாரித்தாள். தான் ஒரு கடையில் கணினித் தட்டச்சு செய்வதாகச் சொன்னாள். மாமியின் மகனைப் பார்த்ததைச் சொன்னேன், அவர் பேசியதைச் சொல்லவில்லை. இதற்கு மேல் தள்ளிப்போட்டால் இனி எப்போதும் வராது என்று தெரிந்தது.

"அக்கா, அன்னைக்கு கிளாஸ்ல நீங்க கையக் காட்டிக் கேட்டீங்கல்ல. நான் பாத்தேன்."

"தெரியும்" என்றாள். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. "நீர் பாத்தனீர் எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும். நீராச் சொல்லுவீர் எண்டு எயார்போர்ட் வரைக்கும் பாத்துக்கொண்டிருந்தனான்."

நான் வாயைத் திறந்தேன். அந்தப் பக்கம் சாவிக்கொத்துச் சத்தம் கேட்டது.

"சரி, வைக்கிறன். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் விடுற நேரம்."

மன்னிப்பு என்ற சொல்லை நான் இன்னும் சொல்லியிருக்கவில்லை.